பின்னால் பாயும் இறால்

எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் அமாவாசையன்று வெங்காயம்கூட நுழையாது. அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்து நான் ஆட்டு முடியில் இறால் செய்துகொண்டிருந்தேன் என்றால், மாட்டுங்காவில் என்னோடு படித்தவர்களில் ஒருத்தியும் நம்பமாட்டாள். நம்பவேண்டாம் போ. எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

மீன் பிடிக்கிற பைத்தியம் எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. டிராம்பே பக்கம் ஒரு கம்பெனி ஆபீஸில் காலம் பூராவும் ஃபைல் பார்த்துவிட்டு ரிடையர் ஆனவர். செம்பூரில் எங்கள் ஃப்ளாட். ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, ஊர் திரும்பும்போது பெட்டி எடை கூடிவிட்டது என்று தன் தூண்டில் கோலை எங்கள் பரணிலேயே விட்டுவிட்டுப் போனார். எடை கூடியதற்குக் காரணம் நான் கட்டிக்கொடுத்த மாவடுவும் வடாமும். ஆக, எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் ஊறுகாய்தான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அது சாதாரணத் தூண்டில் இல்லை. அதில் புழு கோர்ப்பதில்லை. கொக்கியின் மேல் முடி, நூல், ஜிகினா எல்லாம் வைத்துக் கட்டி, சின்ன மீன்போலவோ பூச்சிபோலவோ ஒரு பொய் இரை செய்வார்கள். அதற்கு ஃப்ளை என்று பெயர். எடையே இல்லாத அந்தப் பொய்யை, லைன் என்கிற கனமான தூண்டில் கயிற்றைச் சுழற்றித் தண்ணீரில் கொண்டுபோய் வீசவேண்டும். வீசுவது வலது கை. அதன்பிறகு இடது கையால் லைனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, செத்த ஃப்ளையை உயிருள்ளதுபோல் நடத்திக் கொண்டுவரவேண்டும். மீன் கிடைத்தால் கொக்கியைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

"புழுவையும் கொல்லலை, மீனையும் திங்கலை. இதிலே என்னடீ பாவம்?" என்பார்.

"அதை மீனைக் கேளுங்கோ," என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கும் ஒன்றும் குட்டை இல்லை. எங்கள் வீட்டில் காலைக் காபிக்கும் பேப்பருக்கும் நடுவில் ஒரு சண்டை நடந்தால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

போன வருஷம் மழை முடிந்த சமயம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். கோணிய வாய் சரியானது, பேச்சு வந்தது, காலை லேசாக இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இடது கை மட்டும் தனியாக நின்றுவிட்டது. மடக்கச் சொன்னால் மெதுவாக மடங்கும், ஆனால் தொட்டால் தெரியாது. "உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு, கிளி ஜோசியனே சொல்லுவானே என்று லிஃப்டில் எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீடு திரும்பி சில நாள் ஆகியிருக்கும். காபி கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சூடு. அவர் பேப்பரில் கண்ணை வைத்துக்கொண்டே இடது கையால் டம்ளரைப் பிடித்திருக்கிறார். நான் வாசலில் பால்காரனோடு பேசிவிட்டு வரும்வரை பிடித்தபடியே இருந்திருக்கிறார். விரல் முழுக்கக் கொப்பளம். நான் அலறிய அலறலில்தான் அவர் தலையைத் தூக்கினார். தன் கையையே, யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன குடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்றைக்குப் பிறகு அந்தக் கையை வேஷ்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே போகமாட்டார். பேசமாட்டார். திட்டக்கூட இல்லை! நான் வேண்டுமென்றே உப்பில்லாமல் ரசம் வைத்தேன், மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் சுவாமி முன்னால் நின்று அழுதேன். இவருக்குக் கை முழுசாக வரவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. சூடோ குளிரோ வலியோ, ஏதாவது ஒன்று அந்தக் கைக்குத் தெரிந்தால் போதும், மனுஷர் திரும்பி வந்துவிடுவார் என்று தோன்றியது.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மராத்திப் பெண் வீட்டுக்கு வருவாள். விதவிதமான பொருள்களை அந்தக் கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். பஞ்சு, சாக்கு, சில்க், சீப்பு. "அங்கிளுக்கு என்ன பிடிக்கும், ஆன்ட்டி? பிடித்த வேலையை அந்தக் கையால் செய்யவிட்டால் சீக்கிரம் பலன் தெரியும்," என்றாள்.

"மீன்," என்றேன்.

"தோ பனாவோ நா, ஆன்ட்டி!" என்றாள். சமைத்துப் போடச் சொல்கிறாள். நான் அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் அவளுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

அவள் போனதும் பரணிலிருந்து அவருடைய டப்பாவை இறக்கினேன். கடையில் வாங்கிய ஃப்ளை எல்லாம் தீர்ந்து, வெறும் கொக்கிகளும் கொக்கியைக் கவ்விப் பிடிக்கிற சின்ன இடுக்கியும் கிடந்தன. நோய் வருவதற்கு முன் டிராம்பே படகுத்துறையில், ஜெட்டி என்பார்கள், ஒரு படகுக்காரர் இவரிடம், இந்தக் கழிமுகத்தில் பெரிய மீன் எல்லாம் கோலம்பிக்குத்தான் வாயைத் திறக்கும் என்று சொல்லியிருந்தார். கோலம்பி என்றால் மராத்தியில் இறால். சரி, இறாலே செய்வோம் என்று இறங்கினேன். செய்யவேண்டியவள் யார்? வாழ்நாளில் ஒரு இறாலை நேரில் பார்க்காதவள். ஃபோனில் வீடியோ இருந்தது. பூத்தொடுத்துப் பழகிய விரலுக்கு நூல் முடிச்சு வராதா என்ன?

முடிக்குத் தாராவி போனேன். தோல் சாமான் விற்கிற தெருவில் ஒரு திருநெல்வேலிக்காரர் கடை.

"என்னம்மா வேணும்? பேக்கா, பெல்ட்டா?"

"ஆட்டு வால் வேணும். முடியோட."

"சூப்புக்குன்னா கறிக்கடைல கேளுங்கம்மா. இங்க எல்லாம் பதம் போட்ட தோலுல்லா இருக்கு."

"சிவ சிவா! சூப்பும் இல்லை, கீப்பும் இல்லை. இறால் பண்ணணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் குங்குமம், மூக்கில் பேசரி, கையில் கோயில் பிரசாதப் பை. "ஆட்டு முடில றாலா?" என்று மெதுவாகக் கேட்டார், பைத்தியத்திடம் பேசுகிற பக்குவத்தில். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனவர், ரோமம் போகாமல் பதப்படுத்திய வெள்ளாட்டுத் தோல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். "சும்மா கொண்டு போங்க. அண்ணாச்சிக்கு கை வந்துட்டுன்னா ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க," என்றார். முன்பின் தெரியாத மனுஷர். அவர் இருக்கிற திசைக்கு இன்றைக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

மாட்டுங்காவில் பூக்கடை வரிசையில் மாலைக்கு வைக்கிற ஜிகினா கிடைத்தது. கண்ணுக்குக் கருமணி. சமையல் மேஜையில் இடுக்கியைப் பொருத்தி, கொக்கியை மாட்டிக் கட்ட ஆரம்பித்தேன். முதலில் கட்டியது பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி வந்தது. அடுத்தது நனைந்த எலி. போகப் போகக் கை பழகியது. முடி, நூல், ஜிகினா என்று ஒவ்வொன்றையும் அவர் இடது கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்லச் சொல்லுவேன். வீம்புக்கு எல்லாவற்றுக்கும் "சாக்கு" என்பார். ஆனால் நான் கட்டுகிறதை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தார். ஒரு நாள், "நூலை இழுத்துக் கட்டுடீ, அவுந்துண்டு வந்துடும்," என்றார். திட்டுதான்! எனக்குப் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இறால் முடிந்தது. கொக்கியில் லைன் கட்டுகிற காதுப் பக்கம் இரண்டு கருமணிக் கண், நீள மீசை. வளைவுப் பக்கம் வால். தலை முன்னால், வால் பின்னால், பார்த்தால் லட்சணமாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அவரை டிராம்பே ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலது கை பழைய ஞாபகத்தில் அழகாக வீசியது. இடது கைக்கு லைன் இருப்பதே தெரியவில்லை. விரலிலிருந்து நழுவிக் காலடியில் சுருள் சுருளாக விழும். அவர் குனிந்து பார்த்த பிறகுதான் நழுவியது அவருக்கே தெரியும். காலை முழுவதும் ஒரு மீன்கூட மோந்து பார்க்கவில்லை.

"என் கை என்கிட்ட இல்லை. எதுக்கு இந்தக் கூத்து? வா, போகலாம்," என்றார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். 

அந்த ஃப்ளையை ஹால் ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரி தயிருக்கு உறை வாங்க வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டு மீன் குழம்பு வாசனைக்கு நான் ஜன்னலைச் சாத்துவேன், என் வீட்டுப் பெருங்காயத்துக்கு அவள் சாத்துவாள். மற்றபடி ஒற்றுமைதான். ஜன்னல் கம்பியைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு முட்டியது.

"மாமி, கோவிச்சுக்கிடாதிய. இது என்னது, றாலா?"

"ஏன், பார்த்தா தெரியலையா?"

"றால் மாதிரிதான் இருக்கு. ஆனா லைனை மூஞ்சில கட்டியிருக்கிய. இழுத்தா மூஞ்சி முன்னால வந்துல்லா போவும்? பயந்த றாலு பின்னால பாயும், மாமி! வால சொடுக்கிக்கிட்டு பின்பக்கமா ஓடும். இப்படி மூஞ்சியக் காட்டிக்கிட்டு எந்த றாலும் ஓடாது. மீனு பாத்துச் சிரிச்சிருக்கும்."

எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சாப்பிடுகிற வீட்டில் இது குழந்தைக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் பம்பாயில், கடலுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்து, கால் இருக்கிற எதுவும் மூஞ்சியை முன்னால் வைத்துத்தானே நடக்கிறது என்று நினைத்துவிட்டோம். நாற்காலியில் இருந்தவருக்கும் அவள் சொன்னது கேட்டுவிட்டது. திரும்பி, "அப்படியா?" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி.

அந்தச் சனிக்கிழமை அவளே எங்களை ஜெட்டிக்கு அழைத்துப் போனாள். படகிலிருந்து இறங்கிய ஒரு கோலி மீனவப் பெண்மணியின் வாளியில் இறால் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி உடம்பு, மிளகு மாதிரி கண். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றேன்.

"ஹாத் டாலோ, பாயீ. காட்தா நஹி," என்றாள் அந்தப் பெண்மணி. கையை உள்ளே விடும்மா, கடிக்காது.

நான் ஒரு விரலை விட்டேன். சொடுக்குப் போட்ட மாதிரி எல்லாம் பின்பக்கமாகப் பாய்ந்தன. சின்னச் சின்னதாக இரண்டு மூன்று சொடுக்கு, அப்புறம் அசையாமல் நிற்கும். மறுபடி சொடுக்கு, மறுபடி நிற்கும். "ஐயய்யோ, ஆமாம்!" என்று நான் கத்திய கத்தலில் ஜெட்டியே திரும்பிப் பார்த்தது. அவரும் குனிந்து, வாளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தகிட, தகதிமி," என்று முணுமுணுத்தார். எங்கள் சபாக் கச்சேரிகளில் தொடையில் தட்டித் தட்டி எனக்கு எரிச்சல் மூட்டுகிற அதே தாளம். தகிடவுக்குத் துள்ளுகிறது, தகதிமிக்குச் சும்மா இருக்கிறது. வாஸ்தவம்தான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன். கண்ணும் மீசையும் வளைவுப் பக்கம் போயின. லைன் கட்டுகிற காதுப் பக்கம் வால் வந்தது. சேற்றில் மாட்டாமல் இருக்க, கொக்கி முனை மேலே பார்க்கிற மாதிரி கொஞ்சம் கனம் வைத்துக் கட்டினேன். கொக்கி முனையை வெட்டிய ஒன்றை ஹால் தரையில் போட்டு அவர் இடது கையால் இழுத்துப் பழகினார். நான் கறிகாய் நறுக்கிக்கொண்டே தாளம் சொல்லுவேன். தகிட என்றால் மூன்று சின்ன இழுப்பு, தகதிமி என்றால் நிறுத்தம். முதலில் கையைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். விரல் நழுவினால் பல்லைக் கடிப்பார். சில நாள் லைனைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். மறுநாள் காலையில் அவரே எடுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுடீ," என்பார். ஒரு நாள் கீழ் வீட்டுப் பூனை கதவிடுக்கு வழியாக நுழைந்து, அந்த இறால் மேல் பாய்ந்து கவ்விக்கொண்டு ஓடியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை மாசத்துக்குப் பிறகு! அந்தப் பூனைக்கு அன்றைக்கு அரை டம்ளர் பால் வைத்தேன். அது நன்றிகெட்ட பூனை, இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சீறும்.

கடைசியாக ஒரு காலை, ஏற்றத்தில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தபோது மறுபடி ஜெட்டிக்குப் போனோம். கீழ் வீட்டுக்காரியும் வந்தாள். தன் றாலு எப்படிப் பாய்கிறது என்று பார்க்கவேண்டுமாம். புறப்படும்போது அவர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். "மீன் கவ்வினா எல்லாரும் கோலைத் தூக்குவா. தூக்கப்படாது. உப்புத்தண்ணி மீனுக்கு வாய் கெட்டி. இடது கையாலே லைனைச் சுருக்குன்னு இழுக்கணும். அப்பத்தான் கொக்கி ஏறும்." சொல்லிவிட்டு அந்தக் கையை ஒருமுறை பார்த்தார். 

வீசினார். அலையாத்தி வேர்களுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. இழுத்தார், நிறுத்தினார். நான் பழக்கத்தில் வாய்க்குள் தகிட சொல்லிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. வெயில் ஏறியது. "கோவண்டி வழியா பஸ் புடிச்சா சீக்கிரம் போயிரலாம், மாமி," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று நான் சாடை காட்டினேன்.

அந்தத் தடவை, தகதிமியில் சும்மா நிற்கவேண்டிய லைன் தண்ணீரில் நேராகிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை.

"ஏன்னா, இழுங்கோ!"

அவர் கோலைத் தூக்கவில்லை. அந்தக் கை, வேஷ்டி மடிப்பில் மாசக்கணக்கில் ஒளிந்து கிடந்த கை, சுருக்கென்று பின்னால் இழுத்தது. தண்ணீர் வெடித்து ஒரு வெள்ளி உடம்பு மேலே வந்து விழுந்தது. "கொடுவா, கொடுவா!" என்று கீழ் வீட்டுக்காரி குதித்தாள். மீன் ஓட ஆரம்பித்தது. லைன் அவர் இடது கை விரல்களுக்குள் புகுந்து சரசரவென்று ஓடியது. அவர் விடவில்லை. விடத் தெரியவில்லையோ, விட மனசில்லையோ.

"ஐயோ! எரியறதுடீ!"

லைனை உதறினார். அது வேரில் சிக்கி அறுந்து தளர்ந்தது. மீன் என் இறாலையும் வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டது.

"போச்சே! அம்புட்டுப் பெரிய மீனு!" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் கையை உதறிக்கொண்டே, "சூடு போட்ட மாதிரி எரியறது. என்ன லைன் இது, கத்தி மாதிரி…" என்று திட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. ஓரத்தில் துளி ரத்தம்.

"எங்கே எரியறது?" என்றேன். 

"இங்கே. இதோ, இந்த இடத்திலே."

அவர் கண்ணை மூடச் சொன்னேன். விரலில் அந்தக் கோட்டைத் தொட்டேன். "இப்போ தொடறே," என்றார். கையை எடுத்தேன். "இப்போ இல்லை." நான் ஜெட்டிப் படியில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஒரு வலிக்காக நான் கும்பிடாத சாமி இல்லை. கொடுத்தது ஒரு மீன். அது எங்கே இருந்தாலும் என் கொக்கி சீக்கிரம் உதிர்ந்து நன்றாக இருக்கட்டும்.

தாராவிக்குப் போய் அந்தக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். கூடவே ஒரு இறாலும் கொடுத்தேன், இப்போது அவர் கல்லாவுக்கு மேல் தொங்குகிறது. கை முழுசாக வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சுண்டுவிரல் இன்னும் தூங்குகிறது. டாக்டர் தலையை ஆட்டி, தானாகவே திரும்பிக்கொண்டிருந்திருக்கும் என்றார். இருக்கட்டும். அவருக்கு அவர் படித்தது, எனக்கு நான் பார்த்தது.

மீன் தப்பித்துப்போன அன்றைக்கு வீடு திரும்பியதும் காபி கலந்து மேஜையில் வைத்தேன். வேண்டுமென்று வைக்கவில்லை, சத்தியமாக, அடுப்பிலிருந்து இறக்கிய சூடு அப்படியே இருந்தது. அவர் பேப்பரில் கண்ணை வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். நான் ஓடுவதற்குள் விரல் டம்ளரைத் தொட்டு, வெடுக்கென்று பின்னால் போனது.

"சுடறதுடீ. ஆத்திக் குடு," என்றார்.